பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் பூனை இருக்கலாமா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. திருகோணமலை உவர்மலையில் உள்ள உங்கள் வீட்டுக்கு மகள் தலைப்பிரசவத்துக்காக வந்திருக்கிறார். ஏழாம் மாதம் நடக்கிறது. வீட்டில் மூன்று வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. பிள்ளை பிறக்கும் முன் அதை மீன் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்படி சம்பந்தியம்மா சொல்கிறார். பூனை மயிர் பிள்ளையின் நெஞ்சுக்குள் போய் முட்டு வந்துவிடும் என்பது அவருடைய ஓர் அச்சம். தூங்கும் பிள்ளையின் மேல் பூனை ஏறிப் படுத்துவிடும் என்பது மற்றொன்று. மகளோ பூனையை விடவே மாட்டேன் என்கிறார். இருவருக்கும் நடுவில் நின்று என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூனையை விடத் தேவையில்லை. ஆனால் வீடு இன்றுள்ளபடியே இருக்கட்டும் என்றும் சொல்ல முடியாது. சம்பந்தியம்மாவின் முதல் அச்சம் பெரும்பாலும் மிகையானது. இரண்டாவது முழுக்க நியாயமானது. அவர் சொல்லாமல் விட்ட மூன்றாவது ஒன்றும் உண்டு. அது விசர்நோய், எங்கள் நாட்டில் மற்ற இரண்டையும் விடப் பாரதூரமானது அதுதான். நான் கால்நடை வைத்தியத்தில் இருப்பவன் என்பதால் பூனையைப் பற்றிய பகுதியை விரிவாக எழுதுகிறேன். பிள்ளையைப் பற்றிய பகுதியில் வைத்தியர்கள் பொதுவாக ஒத்துச் சொல்லும் விடயங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தூக்கத்திலிருந்து தொடங்குவோம். பிறந்த பிள்ளையின் நிறை ஏறத்தாழ 3 கிலோ; வளர்ந்த கடுவன் பூனையின் நிறை 4 அல்லது 5 கிலோ. பிள்ளை தானாகப் புரளத் தொடங்க நான்கு முதல் ஆறு மாதம் வரை ஆகும். அதுவரை முகத்தின் மேல் எது வந்து கிடந்தாலும் அதைத் தள்ளிவிடவோ முகத்தை விலக்கிக்கொள்ளவோ அதற்கு வலுவில்லை. பூனைக்குப் பிள்ளைமீது பகை எதுவும் இல்லை. வாயில் மணக்கும் பாலுக்காகப் பிள்ளையைக் கடிக்கும் என்று சொல்லப்படுவதற்கும் ஆதாரம் இல்லை. பூனை தேடி வருவது சூட்டையும் மெத்தென்ற இடத்தையும் மட்டுமே. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது சீமெந்துத் தரையிலும் கிணற்றடியிலும் நீட்டிப் படுத்துக் கிடக்கும், அப்போது அறைப்பக்கம் அதிகம் வராது. வாடைக்காலம் பிறந்து, நவம்பர் முதல் ஜனவரி வரை மழை பிடித்துக்கொண்டால் நிலைமை மாறும். நனைந்து உள்ளே வரும் பூனைக்கு வீட்டில் ஆகச் சூடான இடம் பிள்ளையின் படுக்கைதான்.

எங்கள் வீடுகளில் பகலில் பிள்ளையை ஏணையில் போடுவதே வழக்கம். அந்த ஏணைக்குள் பூனை பாய்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சற்று நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். பழைய நூல்சேலையை வளையில் கட்டித் தொங்கவிடும் ஏணைக்குக் கட்டிலுக்கு இருப்பதுபோலத் தட்டையான அடிப்பாகம் இல்லை. மேலதிகப் பாரம் விழுந்த உடனே துணியின் இரு ஓரங்களும் உள்நோக்கி ஒடுங்கும்; உள்ளே கிடக்கும் இரண்டு உடல்களும் நடுப்பள்ளத்தை நோக்கிச் சரிந்து ஒன்றின்மேல் ஒன்றாகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஏணை அசைவது மட்டுமே தெரியும்; உள்ளே கிடப்பது ஒன்றா இரண்டா என்பது தெரியாது. பிள்ளை தூங்குகிறது, ஏணை மெல்ல ஆடுகிறது என்று அடுப்படியில் வேலையாக இருப்பவர் நிம்மதியாக இருந்துவிடக்கூடும். ஆகவே பூனை உள்ள வீட்டில் ஏணையைப் பாவிப்பதென்றால், ஏணை இருக்கும் அறையிலேயே பெரியவர் ஒருவர் விழித்திருக்க வேண்டும். அடுத்த அறையில் இருப்பது போதாது. பிள்ளையைத் தூக்கியதும் ஏணையைச் சுருட்டி மேலே முடிந்துவிட வேண்டும். வெறும் ஏணை தொங்கிக்கொண்டிருந்தால் பூனை அதில் படுத்துப் பழகிவிடும்; பழகிய பிறகு அதைத் தடுப்பது கடினம்.

இரவுத் தூக்கத்துக்கு, பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏணை ஏற்றதல்ல. வளைந்த துணியில் பிள்ளையின் நாடி நெஞ்சில் முட்டி மூச்சுப்பாதை ஒடுங்க இடமுண்டு. கெட்டியான, தட்டையான படுக்கையில், தலையணையும் பொம்மையும் இல்லாமல், மல்லாக்காகப் படுக்கவைப்பதே எல்லா வைத்தியர்களும் சொல்லும் முறை.

அடுத்தது, கடைகளில் விற்கும் குடை போன்ற சிறிய நுளம்பு வலை. பிள்ளை பார்க்க வருகிறவர்கள் அன்பளிப்பாகக் கொண்டுவருவதால் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். பூனைக்கு அது தனக்கென்றே விரித்த கூடாரம்போலத் தோன்றும். அதன் மெல்லிய கம்பிச் சட்டம் பூனையின் பாரத்தைத் தாங்காது. மேலே ஏறிப் படுத்தால் கம்பி வளைந்து, வலை பிள்ளையின் முகத்தின்மேல் படியும், அதன்மேல் பூனை கிடக்கும். அதற்காக வலையே வேண்டாம் என்று எடுத்துவிடவும் முடியாது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை இந்த மாவட்டத்தில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்தான். முகட்டிலிருந்து தொங்கவிட்டு மெத்தைக்கு அடியில் செருகும் பெரிய வலை குடை வலையைவிட நல்லது. ஆனாலும் அது நுளம்புக்கான தடையே. பூனையின் நகத்துக்கு நைலோன் வலை ஒரு நாளும் நிற்காது.

பூனையைத் தடுப்பது கதவு ஒன்றுதான். கதவைச் சாத்தினால் அறை வெந்துவிடும், மின்சாரம் நின்றால் பிள்ளை வியர்த்துப்போகும் என்று நீங்கள் சொல்வீர்கள், அது உண்மையும்கூட. ஆகவே அறைக்கு அலுமினிய வலை அடித்த இரண்டாவது கதவு ஒன்றைத் தச்சரைக்கொண்டு இப்போதே போடுவித்துக்கொள்ளுங்கள். காற்றும் வரும், அழுகையும் கேட்கும், வெளியில் நின்று உள்ளே பார்க்கவும் முடியும். கொளுக்கியை மேற்பக்கத்தில் வையுங்கள். கீழே தள்ளினால் திறக்கும் கதவைப் பூனை சில நாட்களிலேயே கற்றுக்கொள்ளும். பிள்ளைக்காகச் செய்யும் செலவுகளில் வீண்போகாத ஒன்று என்று நான் இதைத்தான் சொல்வேன்.

கதவு போட்டுவிட்டு மேலே பார்க்காமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் பக்கத்து ஓட்டுவீடுகளிலும் சீற்று வீடுகளிலும் சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பார்கள். உங்கள் பூனை வராவிட்டாலும் அயல்வீட்டுப் பூனையோ ஒழுங்கைப் பூனையோ அந்த வழியாக இறங்கும். பெட்டைப் பூனையென்றால் பிள்ளைத் துணி அடுக்கிய அலுமாரிக்குள்ளேயே குட்டியும் போட்டுவிடும். குட்டி போட்ட தாய்ப்பூனை, ஊசி போடாத அந்நியப் பூனை, பிறந்த பிள்ளை ஆகிய மூன்றும் ஓர் அறையில் இருப்பதைப்போல விபரீதம் வேறில்லை. அந்த இடைவெளியையும் பூக்கல் துவாரங்களையும் கோழி வலையாலாவது அடைத்துவிடுங்கள்.

இந்த மாற்றங்களையெல்லாம் பிள்ளை பிறப்பதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று வருடமாக மகளின் காலடியில் படுத்த பூனையைப் பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றே அறையிலிருந்து விரட்டினால், அது கதவைப் பிறாண்டும், இரவு முழுக்கக் கத்தும், கண்ட இடத்தில் மூத்திரம் பெய்யும். வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது. இரண்டு மாதத்துக்கு முன்பே அறைக்குள் விடுவதை நிறுத்தி, கூடத்தில் சற்று உயரமான இடத்தில், அலுமாரியின் மேலேயோ அகன்ற தட்டிலேயோ, பழைய சாரம் ஒன்றை விரித்து அதற்கென்று ஓர் இடம் கொடுத்துவிட்டால், பிள்ளை வரும்போது அது தன் புதிய இடத்தில் நிலைத்திருக்கும். உணவு வைக்கும் நேரத்தையும் இடத்தையும் இப்போதே மாற்றுங்கள். வைத்தியசாலையிலிருந்து வரும்போது பிள்ளையைச் சுற்றியிருந்த துணி ஒன்றைக் கொண்டுவந்து பூனையின் இடத்துக்கு அருகில் போட்டுவிடுங்கள். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பூனையைத் தூக்கிப் பிள்ளையின் முகத்தருகே காட்டி அறிமுகம் செய்யும் வேலை வேண்டாம்.

பிள்ளை பெற்றவளின் பத்தியச் சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் சுரக்க வேண்டும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறையும் மீன் சொதியும் அறைக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வழக்கம். மூன்று வேளையும் மீன் மணக்கும் அறையின் வாசலைவிட்டுப் பூனை நகராது. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் கால்களுக்கிடையே நுழையப் பார்க்கும். மகள் சாப்பாட்டறையில் இருந்து சாப்பிட்டு, கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே போகட்டும். எழுந்து நடப்பது கடினமான முதல் சில நாட்களில் மட்டும், சாப்பிட்ட கோப்பையை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அதேபோல முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு ஆட்கள் கூடி எல்லாக் கதவும் திறந்து கிடக்கும் வேளையில், வெருண்ட பூனை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. அன்று காலையிலேயே அதைத் தண்ணீரும் மண்தட்டும் வைத்த வேறோர் அறையில் பூட்டிவிடுங்கள்.

மகள் இன்னும் கர்ப்பிணியாக இருப்பதால் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனையை விடச் சொல்லும் வைத்தியர்கள் சிலர் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான். முதன்முறை தொற்றுக்குள்ளான பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தோடு இதன் முட்டைகளை வெளியேற்றும். பிறகு பெரும்பாலும் வாழ்நாளில் வெளியேற்றாது. வெளிவந்த முட்டை உடனே தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாள் சென்ற பிறகே தொற்றும் நிலைக்கு வரும். பூனை மலத்தை அன்றன்றே அகற்றினால் போதும் என்பதும், அந்த வேலையை மகளைத் தவிர வேறொருவர் செய்ய வேண்டும் என்பதும் இதிலிருந்து தெளிவாகும். பூனையைத் தடவுவதால் இது வருவது மிக அரிது. மனிதருக்கு இது வரும் வழிகள் பெரும்பாலும் வேறு: சரியாக வேகாத இறைச்சி, மண் ஒட்டிய மரக்கறி, கழுவாத கை. எங்கள் சமையலில் நான் கவலைப்படுவது வல்லாரைச் சம்பலையும் பச்சையாகப் பிசையும் மற்றக் கீரைச் சம்பல்களையும் பற்றித்தான். ஒழுங்கைப் பூனைகள் புரளும் பாத்தியிலிருந்து பறித்த கீரையை ஒரு தடவை அலசிவிட்டுத் தேங்காய்ப்பூவோடு பிசைந்து கொடுப்பது, பூனையை மடியில் வைத்திருப்பதைவிடக் கூடிய ஆபத்து. பிரசவம் முடியும்வரை கீரையை வறையாகச் சமைத்தே கொடுங்கள். கர்ப்பத்தின் முற்பகுதியில் இந்தத் தொற்று பிள்ளைக்குக் கடத்தப்பட்டால் பாதிப்புக் கடுமையாக இருக்கும். பிற்பகுதியில் பாதிப்புக் குறைவென்றாலும் கடத்தப்படும் வாய்ப்புக் கூடும். ஆதலால் ஏழாம் மாதம்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது. மகளுக்கு ஏற்கெனவே இந்தத் தொற்று வந்து போயிருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை ஒன்றால் அறியலாம். வேண்டுமானால் கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி விசர்நோய். இதை நாய்க்கடியோடு மட்டும் சேர்த்து நினைப்பது எங்களிடம் உள்ள பெரிய தவறு. விசர்நாயோ கீரியோ கடித்த பூனைக்கும் இது வரும்; இரவில் வெளியே அலைந்து சண்டைபிடித்துவிட்டு வரும் கடுவன் பூனைக்கு அந்த வாய்ப்பு அதிகம். நோயின் அறிகுறிகள் வெளிப்பட்டபின் மனிதரைக் காப்பாற்ற வழியே இல்லை என்று சொல்லலாம். ஆனால் கடிபட்ட உடனே முறையாக மருத்துவம் செய்தால் நோய் வராமலே தடுத்துவிடலாம். பெரியவரின் காலில் பட்ட கடியைவிடப் பிள்ளையின் முகத்திலோ தலையிலோ கழுத்திலோ பட்ட கடி ஆபத்தானது. மூளைக்கு அருகில் என்பதால் கிருமி சென்றடையும் தூரமும் காலமும் குறைவு. பூனையின் உயரத்துக்குப் பிள்ளையின் முகம் எட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. போடாவிட்டால் இந்த வாரமே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, அதன்பிறகு வைத்தியர் குறிக்கும் நாளில் வருடாவருடம் என்பது பொதுவான முறை. ஊசி போட்ட அட்டையைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள்; அவசரத்தில் வைத்தியசாலையில் முதலில் கேட்பது அதைத்தான். அதே பயணத்தில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கும் நாள் கேட்டுவிடலாம். காயடித்த கடுவன் அலைவதும் சண்டையிடுவதும் குறையும்; சண்டை குறைந்தால் நோயை வீட்டுக்குக் கொண்டுவரும் வாய்ப்பும் குறையும். வீட்டுக்குள் மூத்திரம் தெளிக்கும் பழக்கமும் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஊசி போட்ட பூனையானாலும், கடித்தாலோ பிறாண்டி இரத்தம் கசிந்தாலோ செய்ய வேண்டியது ஒன்றே. காயத்தைக் குழாய்த் தண்ணீரின் கீழ் பிடித்து, சவர்க்காரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிள்ளை வீரிட்டு அழும்; அழட்டும். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. காயத்தை இறுக்கிக் கட்டவும் கூடாது. கழுவி முடித்த கையோடு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்களுக்கு அங்கங்கே ஆதார வைத்தியசாலைகள் உண்டு. வாகனம் இல்லாவிட்டால் 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் பணம் வாங்காமல் கொண்டுபோகும். விசர்நோய்க்கான ஊசியை அரச வைத்தியசாலைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். பிள்ளைக்கு இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் கிளினிக்கில் போடும் ஊசியில் ஏற்புவலிக்கான மருந்து இருக்கிறது; விசர்நோய்க்கான மருந்து அதில் இல்லை. கிளினிக் ஊசி எல்லாம் போட்டாயிற்று என்று நினைத்துத் தாய்மார் வீட்டில் இருந்துவிடுவதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒரு நாளும் அப்படி இருக்க வேண்டாம்.

கடித்த பூனையை அடித்துக் கொல்லவோ துரத்திவிடவோ கூடாது. அது உயிரோடு கண்முன் இருந்தால்தான் பத்து முதல் பதினான்கு நாள் வரை கவனித்துப் பார்க்க முடியும்; அந்தக் காலத்தில் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று முடிவுசெய்யலாம். பிள்ளைக்கு ஊசி தொடங்குவதைப் பூனையின் நிலை தெரியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. எதைத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். சாதுவான பூனை காரணமின்றிப் பாய்ந்து கடித்தாலோ, குரல் மாறினாலோ, வாயில் எச்சில் வடிய நடை தள்ளாடினாலோ, அதைத் தொடாமல் ஓர் அறையில் அடைத்துவிட்டுக் கால்நடை வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவியுங்கள்.

விசர்நோய் இல்லாவிட்டாலும் பூனைக்கடியைச் சிறிதாக எண்ணக்கூடாது. அதன் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும்; மேலே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே கிருமி தங்கி ஒரு நாளுக்குள்ளேயே வீங்கிச் சிவந்துவிடும். பிறாண்டலிலிருந்து வரும் ஒருவகைக் காய்ச்சலும் உண்டு. அதன் கிருமியைப் பூனைகளுக்கிடையே பரப்புவது தெள்ளு. குட்டிப் பூனைகளிடமே அது அதிகம். பிள்ளை பிறந்திருக்கும் வருடத்தில் இரக்கப்பட்டுப் புதிய குட்டி எதையும் வீட்டுக்குள் எடுக்காதிருப்பது நல்லது; குட்டிகள் விளையாட்டாகவே கடிக்கும், படர்தாமரையையும் கொண்டுவரும். இருக்கும் பூனையின் நகத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனி மட்டும் வெட்டிவிடுங்கள். நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரிவது உயிர்ப்பகுதி; அதற்கு முன்னால் உள்ள கண்ணாடி போன்ற கொக்கியை மட்டுமே வெட்ட வேண்டும்.

தெள்ளு மருந்து வாங்கும்போது ஓர் எச்சரிக்கை: நாய்க்கென்று விற்கும் சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். பிள்ளைக்குக் காய்ச்சலென்று வாங்கிவைக்கும் பனடோல் பாணியும் பூனைக்கு நஞ்சே; சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

இப்போது சம்பந்தியம்மாவின் மயிர்க் கவலைக்கு வருவோம். பூனை மயிர் மூச்சோடு போய் நெஞ்சில் திரண்டு நிற்பதில்லை. சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். பூனை தன்னை நக்கும்போது அது மயிரில் படிந்து, காய்ந்து, மிக நுண்ணிய தூசாக நெடுநேரம் காற்றில் மிதக்கும். பெற்றோரில் எவருக்காவது தொய்வு இருந்து, பிள்ளைக்கும் அடிக்கடி இழுப்பு வருமானால், அதைக் குழந்தை வைத்தியரிடம் சொல்லிப் பூனையைப் பற்றியும் கேட்க வேண்டும். பூனை உள்ள எல்லா வீட்டிலும் பிள்ளைக்கு முட்டு வரும் என்பது சரியல்ல. பிறந்ததிலிருந்து பிராணிகளோடு வளர்வது ஒவ்வாமையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. கைக்குழந்தைகளுக்கு வரும் இழுப்பில் பெரும்பகுதி தடிமன் வைரசுகளால் வருவது. புகையைப் பற்றி யோசித்தால், பிள்ளையைக் குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணியும் கட்டிலுக்குக் கீழே கொளுத்திவைக்கும் நுளம்புத்திரியும் அதன் மூச்சுக் குழாய்க்குப் பூனையைவிட அதிக உபத்திரவம் தரும். இதைச் சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன். அறையைத் தும்புத்தடியால் பெருக்குவது அந்தத் தூசைக் கிளப்பிவிடும்; ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. பிள்ளையின் துணிகளை மூடிய பெட்டியில் வையுங்கள். பூனையைத் தொட்டவர் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கக்கூடாது.

ஆறேழு மாதம் கடந்து பிள்ளை தவழத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடும். அதுவரை பூனை பிள்ளையிடம் வராமல் பார்த்தீர்கள். இனிப் பிள்ளை பூனையிடம் போகும். வாலைப் பிடித்து இழுக்கும், காதைத் திருகும், பூனை சாப்பிடும்போது கோப்பைக்குள் கைவைக்கும். காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலைப் படார் படாரென்று அடிக்கும் பூனை அடுத்த கணம் பிறாண்டும் என்று அறிந்துகொள்ளுங்கள். அப்போது பூனையை அதட்டாமல் பிள்ளையைத் தூக்கிவிட வேண்டும். பூனை ஓடி ஏறிக்கொள்ள உயரமான இடம் இருந்தால் அது சண்டைக்கு நிற்காது, ஏறிப் போய்விடும். முன்பு நான் அலுமாரியின் மேல் இடம் கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மீன் முள்ளு எங்கள் ஊருக்கே உரிய தொல்லை. மீன் வெட்டும்போது தலையையும் செதிலையும் பூனைக்கு எறிவோம். அது ஒரு துண்டைக் கவ்விக்கொண்டுபோய்க் கதிரைக்கு அடியில் வைத்துத் தின்னும். சூரைத் தலையின் எலும்பும் கீரிமீன் முள்ளும் அங்கே கிடக்கும். தவழும் பிள்ளையின் கண்ணுக்கு முதலில் படுவது கதிரைக்கு அடிதான், கையில் அகப்பட்டது நேரே வாய்க்குத்தான் போகும். பூனைக்கு முற்றத்திலோ பின் விறாந்தையிலோ மட்டும் சாப்பாடு போட்டு, அரை மணிக்குப் பின் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். அதன் தண்ணீர்க் கோப்பையை நாள்தோறும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருக அந்தக் கோப்பையே போதும்.

மண்ணைப் பற்றியும் கவனம் வேண்டும். உப்புவெளியிலிருந்து நிலாவெளிவரை கடலோரத்தில் எல்லா வளவும் மணல். உங்கள் உவர்மலையில் அவ்வளவு இல்லாவிட்டாலும், எவராவது கட்டட வேலைக்கு மணல் பறித்துவைத்திருந்தால் அயலில் உள்ள பூனைகளெல்லாம் அங்கேதான் மலம் கழிக்கும். பூனையின் வட்டப்புழு முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து தொற்றும் நிலைக்கு வந்து, பிறகு மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈர மணலிலிருந்து தோலைத் துளைத்து நுழைந்து, கோடு கோடாகச் சிவந்து அரிக்கும் புண்ணை உண்டாக்கும். மணல் குவியலைத் தறப்பாளால் மூடிவிடுங்கள். பிள்ளையைப் பாயில் வைத்து விளையாடவிடுங்கள். வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து கொடுக்க வேண்டும்; அளவை நிறை பார்த்து வைத்தியர் சொல்வார்.

பூனையை வேறிடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று நானே சொல்லும் நிலைகளும் உண்டு: காரணமின்றி ஆட்களைக் கடித்த வரலாறு அந்தப் பூனைக்கு இருந்தால், பிள்ளைக்குப் பூனையால்தான் மூச்சுத்திணறல் வருகிறது என்று வைத்தியர் உறுதிசெய்தால், மகள் பிள்ளையோடு தனியாக இருக்க நேர்ந்து, அறைக்குக் கதவு போடவும் வழியில்லாமல் போனால். அப்படியானாலும் மீன் சந்தையில் விடுவது தீர்வல்ல. பழகிய வீட்டைத் தேடி மைல் கணக்கில் திரும்பி நடந்துவரும் பூனைகள் உண்டு; வழியில் தெருநாய்களிடம் கடிபட்டுத் திரும்பி வந்தால், நீங்கள் விட்ட பூனையைவிட ஆபத்தான பூனையே பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் நுழையும். ஊசி போட்டு, காயடித்து, அட்டையோடு தெரிந்த குடும்பம் ஒன்றுக்குக் கொடுங்கள். அந்த வீட்டில் முதல் இரண்டு மூன்று வாரம் பூனையை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துச் சாப்பாடு போடச் சொல்லுங்கள். கொடுப்பதென்றால் மகளுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பிள்ளை வந்த பிறகு அதற்காக அலைய உங்களில் எவருக்கும் நேரம் இருக்காது.